ஞாயிறு மாலை நாலு மணி

எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் நான் ஒட்டிய நோட்டீஸ் மொத்தம் இரண்டே மணி நேரம்தான் உயிரோடு இருந்தது.

'பகடை விளையாட நான்கு பேர் தேவை. ஞாயிறு மாலை 4 மணி. முன் அனுபவம் அவசியமில்லை. டீ, பஜ்ஜி உண்டு' என்று எழுதி, கீழே என் ஃபிளாட் நம்பரையும் போட்டிருந்தேன். அசோசியேஷன் செக்ரட்டரி அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். "சார், நீங்க பத்திரிகைக்காரர். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடும்பம் இருக்கற இடத்துல இதெல்லாம்..." என்று இழுத்தார்.

"காசு வெச்சு ஆடறதில்லை சார். இது கதை சொல்ற விளையாட்டு."

கதை விடுகிறேன் என்றே நினைத்திருப்பார். உள்ளேயிருந்து என் மனைவி, "பாரதத்துலயும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றாள், அவருக்கும் கேட்கிற மாதிரி.

இது நடந்தது 2023 ஜூனில். காரணம், என் அக்கா மகன். அந்த வருடம் பிப்ரவரியில் அவனுக்கு வேலை போனது. பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. அப்புறம்தான் மெயில் வந்தது. திருச்சியில் அப்பா அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு பெட்டி, ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் அறைக்குள் போனான். சாப்பாட்டுக்கு வருவான். "போதும் மாமா" என்பான். எழுந்து போவான். தினமும் ராத்திரி எட்டரைக்கு அக்கா போன். "சாப்பிட்டானா? பேசினானா?" முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வேன்.

ஒரு நாள் அவன் அறையில் பேப்பர் தேடப் போனபோது அலமாரியில் ஒரு பெட்டியைப் பார்த்தேன். மூடியில் பச்சை நிற டிராகன். உள்ளே தாயக்கட்டைக்கு அமெரிக்காவில் பிறந்த சொந்தக்காரர்கள் மாதிரி சில பகடைகள். ஒன்றுக்கு நாலு முகம், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு இருபது. "என்னடா இது?" என்று கேட்டுவிட்டேன். நாலு மாதமாக மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத பையன் நாற்பது நிமிடம் பேசினான். கடைசியில், "பெங்களூர்ல நான்தான் மாமா நடத்திட்டிருந்தேன். இங்க ஆள் இல்லை" என்றான்.

அந்தக் கடைசி வரிதான் என்னை லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்ட வைத்தது.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பாகவதர் கதாகாலட்சேபம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராமர் காட்டுக்குப் போனார் என்கிறார். முன் வரிசையில் ஒருவர் எழுந்து, 'நான்தான் ராமர். நான் போகலை' என்கிறார். பாகவதர் கோபிக்கக் கூடாது. அங்கிருந்து கதையைத் தொடர வேண்டும். தசரதரை அவர் சமாதானப்படுத்த முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். அவ்வளவுதான். பாகவதருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஜெயிப்பது, தோற்பது கிடையாது. ஒரு கதை முடிய மாதக்கணக்கில் ஆகும். சில கோஷ்டிகளுக்கு வருடக்கணக்கில்.

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த விளையாட்டு இது. உருவாக்கியவர்கள் இருவர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, அதை இழந்து, செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். (இதை அக்கா மகன் சற்று அழுத்திச் சொன்னான்.) பதிப்பாளர் கிடைக்காததால் அவரும் டான் கே என்ற சிறுவயது நண்பரும் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். டான் கே அந்தப் பணத்தை ஆயுள் காப்பீட்டு பாலிசியின் மேல் கடனாக வாங்கினார். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. முதல் பதிப்பு 1000 பிரதி. விலை 10 டாலர். வீட்டிலேயே வைத்துக் கையால் பெட்டி போட்டார்கள். ஒரு வருடத்துக்குள் விற்றுவிட்டது.

அந்த முதல் புத்தகத்திலேயே எத்தனை பேர் தேவை என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். நடத்துபவர் ஒருவர். ஆடுபவர்கள் நாலு பேரிலிருந்து ஐம்பது பேர் வரை. ஐம்பது பேர்! எனக்கு நாலு பேருக்கே நாக்குத் தள்ளிவிட்டது. கைகாக்ஸ் கெட்டிக்காரர். ஆளைத் தேடி அலையவில்லை. சொந்த மகனையும் மகளையும் மேஜை முன்னால் உட்கார வைத்துத்தான் முதல் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார்.

சரி, ஆள் பிடித்த கதைக்கு வருகிறேன்.

முதலில் என் காலேஜ் நண்பன். ஆடிட்டர். "சும்மா ரெண்டு மணி நேரம் வாடா" என்றேன். நான்கு மணி நேரம் என்று சொன்னால் வரமாட்டான். இரண்டாவது, பதினைந்து வருடமாக என் பல்லைப் பார்க்கும் டாக்டர். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கும்போது பேச முடியாதே, அதனால் பில் கட்டும்போது கேட்டேன். மூன்றாவது, எதிர் ஃபிளாட் ரிட்டயர்டு வங்கி மேனேஜர். மனைவி போய் இரண்டு வருடம். மாலை முழுவதும் பால்கனியில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான்காவதாக ஒரு காலேஜ் பெண், இரண்டாவது மாடி. இவளை மட்டும் நான் கூப்பிடவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் நோட்டீஸைப் பார்த்து, போனில் படம் பிடித்துக்கொண்டு, தானாக வந்து பெல் அடித்தாள். "அங்கிள், இது டி அண்ட் டி தானே? ஏன் பகடைன்னு போட்டிருக்கீங்க? சூதாட்டம் மாதிரி இருக்கு." ஐந்தாவது நான்.

முதல் மூன்று பேரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி வைத்திருந்தேன். 'பையன் ரொம்ப ஒடுங்கிப் போயிருக்கான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.' ஆள் பிடிக்க அது சுலபமான வழியாகத் தெரிந்தது.

ஜூன் 25, ஞாயிறு. நாலு மணி. அத்தனை பேரும் வந்தார்கள்! அவனிடம் இருந்தது 2014-ல் வந்த ஆரம்பப் பெட்டி. ஐந்து பாத்திரங்களைத் தயாராகவே கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர் குள்ளர் இனத்துப் பூசாரியை எடுத்துக்கொண்டு, அவனுக்கு 'மன்னார்குடி' என்று பெயர் வைத்தார். அவர் முதன்முதலாக மேனேஜராக இருந்த பிராஞ்ச். டாக்டர் திருடன். ஆடிட்டர் மந்திரவாதி. அந்தப் பெண்ணும் நானும் போர்வீரர்கள்.

பையன் ஆரம்பித்தான். ஒரு வண்டி நிறைய சரக்கு. அதைப் பத்திரமாக ஒரு கிராமத்தில் சேர்த்தால் ஆளுக்குப் பத்துப் பொற்காசு.

"சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றார் மேனேஜர்.

"பத்துக் காசுல டிடிஎஸ் பிடிப்பாங்களா?" என்றான் ஆடிட்டர்.

பையன் சிரித்தான். பிப்ரவரிக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

காட்டுப் பாதை. நடுவில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. புதரிலிருந்து காப்ளின்கள் (குட்டிச்சாத்தான்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்) அம்பு விடுகின்றன. இரவு எட்டு மணி வரை போனது. ராத்திரி அக்காவின் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொன்னேன்.

பிரச்னை அடுத்த ஞாயிறு ஆரம்பித்தது. ஐந்து பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணம் நடத்தியவர்களுக்குத் தெரியும். ஆனால், கல்யாணம் ஒரு தடவைதான். இது வாராவாரம்.

ஜூலை 31 வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஆடிட்டர் ஜூலை முழுக்க ஆளே இல்லை. ஆகஸ்டில் ஆள் கிடைத்தான். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட். மறுபடி காணவில்லை. டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிளினிக்கில் கூட்டம். அந்தப் பெண்ணுக்கு செமஸ்டர். எனக்கு இதழ் முடிக்கும் வாரம். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாதே, எல்லோரும் ஃப்ரீ என்று கணக்குப் போட்டேன். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எங்கள் பால்கனிக்கு நேராக ஸ்பீக்கர். காப்ளின் என்ன பேசுகிறது என்று யாருக்கும் கேட்கவில்லை.

வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்கினேன். வோட்டெடுப்பு வைத்தேன். ஐந்து பேரும் ஐந்து தேதியைத் தொட்டார்கள். 'பாத்து சொல்றேன்' என்று ஒருவர் போட்டால் வரமாட்டார் என்று அர்த்தம். கட்டை விரல் மட்டும் போட்டால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. இது ஆறு வார அனுபவத்தில் தெரிந்தது.

காலேஜில் படித்த புள்ளியியலைத் தூசி தட்டினேன். ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஐந்து ஞாயிறில் நாலு ஞாயிறு வரக்கூடியவர். நல்ல வருகைப் பதிவுதானே? 0.8-ஐ ஐந்து தடவை பெருக்குங்கள். 0.33. அதாவது ஐவரும் சேர்ந்து இருப்பது மூன்று ஞாயிற்றுக்கு ஒரு ஞாயிறுதான். யார் மேலும் தப்பில்லை. கணக்கே அப்படி. ஆனால் நாலு மணிக்குப் பகடைகளை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பையனிடம் இந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா?

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு நால்வர் இருந்தோம். ஆட்டம் நடுவே டாக்டருக்கு கிளினிக்கிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. பையன், "வேணும்னா நிறுத்திக்கலாம் டாக்டர்" என்றான். அவர் நல்ல மனுஷர். அதனால்தான் அப்படிச் சொன்னார். "அட, பரவாயில்லப்பா. உன் மாமா சொன்னார், நீ மனசு சரியில்லாம இருக்கேன்னு. உனக்காகத்தானே வந்திருக்கோம்."

பையன் எதுவும் சொல்லவில்லை. ஆட்டத்தை ஒழுங்காக முடித்தான். பகடைகளை எண்ணிப் பையில் போட்டான். எல்லோரும் போன பிறகு டீ கப்புகளைக் கழுவி வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எனக்குத் துணைக்கு உட்கார ஆள் வேணாம் மாமா. விளையாட ஆள் வேணும்."

பெட்டி அலமாரி உச்சிக்குப் போனது. மறுபடி, "போதும் மாமா."

இரண்டு வாரம் நான் தூங்கிய லட்சணத்தை விட்டுவிடுகிறேன். செப்டம்பரில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன். போனில் அல்ல. "தப்பாச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். விளையாட்டு பிடிச்சிருந்தா மட்டும் வாங்க. இல்லைன்னா ஒண்ணுமில்லை." டாக்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். "நிஜமாவே எனக்கு ஒண்ணும் புரியலை சார். ஞாயித்துக்கிழமை நாலு பல்லு பிடுங்கினா நாலு காசு." கை குலுக்கிக்கொண்டு வந்தேன். ஆடிட்டர், "செப்டம்பர் முடியட்டும், வர்றேன். ஆனா மந்திரவாதியை வேற யாருக்கும் குடுத்துடாத" என்றான்.

எதிர் ஃபிளாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். மேனேஜர் என்னையே பார்த்தார். "நான் அந்தப் பையனுக்காகப் பாவம் பார்த்து வந்தேன்னு யார் சொன்னது? மன்னார்குடி குகைக்குள்ள நிக்கறான், அவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியணும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? பால்கனியில தனியா உக்காந்திருக்கானேன்னா?"

என்ன பதில் சொல்வது? சொல்லவில்லை. அவர் உள்ளே போய் காபி போட்டு எடுத்து வந்தார்.

வீட்டுக்கு வரும்போதுதான் கம்பெனி சட்டம் ஞாபகம் வந்தது. நாங்கள் படித்தது 1956-ஆம் வருடச் சட்டம், 174-வது பிரிவு. இப்போது 2013 சட்டத்தில் 103. பொதுக்குழுவுக்கு கோரம் வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்தும் ஆள் சேரவில்லை என்றால், கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தானாகத் தள்ளிப்போகும். அடுத்த வாரமும் ஆள் இல்லையா? வந்தவர்கள்தான் கோரம். பரீட்சைக்காக உருப்போட்டபோது இதில் இவ்வளவு மனித அனுபவம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எத்தனை பேர் எத்தனை நாள் காலி நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் இப்படி ஒரு பிரிவு எழுத வரும்!

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேரில் மூன்று பேர் போதும் என்றால் 0.33 என்பது 0.94 ஆகிறது. நூறு ஞாயிறில் தொண்ணூற்று நாலு! டாக்டர் விட்ட இடத்தில் அந்தப் பெண்ணின் காலேஜ் தோழி வருவதாகச் சொன்னாள். பையனிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "மூணு பேர் வந்தா நாலரைக்கு ஆரம்பிச்சிடணும். யாருக்கும் போன் போட்டுக் கெஞ்சக் கூடாது. சரியா மாமா?" என்றான். சரி என்றேன்.

அக்டோபர் 8, ஞாயிறு என்று தேதி குறித்தோம்.

கிரிக்கெட் ரசிகர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். 2023 உலகக் கோப்பை. அக்டோபர் 8 நம்ம சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா. சரி, அடுத்த வாரம்? 15-ஆம் தேதி மேட்ச் இல்லை, நவராத்திரி ஆரம்பம். கொலுப்படி கட்ட ஹாலை என் மனைவி எடுத்துக்கொண்டாள். 22 நியூசிலாந்து. 29 இங்கிலாந்து. நவம்பர் 5 தென்னாப்பிரிக்கா. 12 நெதர்லாந்து, அன்றைக்கே தீபாவளியும். 19 ஃபைனல். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. 26 கார்த்திகை தீபம். என் 0.94 எல்லாம், ஒருவர் வராததற்கும் இன்னொருவர் வராததற்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தால்தான். மேட்ச் வந்தால் ஐந்து பேருக்கும் ஒரே காய்ச்சல். கோரம் கமிட்டித் தலைவரான எனக்கும்தான்.

கைகாக்ஸ் 1979-ல் எழுதிய வழிகாட்டிப் புத்தகத்தில் ஓரிடத்தில் முழு வாக்கியத்தையும் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார். நேரக் கணக்கைக் கறாராக வைக்காவிட்டால் ஆட்டத்துக்கு அர்த்தமே இல்லை என்பது சாரம். கதைக்குள் ஓடும் நேரத்தைச் சொல்கிறார். எனக்கு என்னவோ என் ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்கிற மாதிரியே இருந்தது.

டிசம்பர் 3, ஞாயிறு. உலகக் கோப்பை மேட்ச் இல்லை, பண்டிகை இல்லை. மிக்ஜாம் புயல் வந்தது. ஆடிட்டர் வரமுடியாது என்றான். தோழியின் ஏரியாவில் தண்ணீர் ஏறுகிறது என்றார்கள். நாலரைக்குப் பையன் கடிகாரத்தைப் பார்த்தான், எழுந்து போனான்.

மறுநாள் திங்கள். கரண்ட் இல்லை. போன் டவர் இல்லை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். காலை முழுவதும் தரைத்தளத்துக் குடும்பத்தின் சாமான்களை எல்லோரும் சேர்ந்து மேலே ஏற்றினோம். பையன் ஒரு ஃபிரிட்ஜின் ஒரு முனையைப் பிடித்திருந்தான், மறுமுனையில் செக்ரட்டரி. அவர்களைப் படுக்க வைத்து, இருக்கும் பாலைப் பங்கு போட்டு முடிக்கும்போது மணி மூன்று. வெளியே மழை இன்னும் விடவில்லை. யாருக்கும் எங்கேயும் போக வழியில்லை, யாரிடமும் பேச போன் இல்லை.

கதவு தட்டும் சத்தம். டார்ச்சோடு மேனேஜர். பின்னால் அந்தப் பெண்.

"நேத்து கோரம் இல்லைன்னு தள்ளிப் போட்டீங்களாமே. இன்னிக்கு வெச்சுக்கலாமா?"

"அது அடுத்த வாரம்தான் சார். சட்டப்படி..."

"சட்டமெல்லாம் தண்ணி வடியட்டும். பையன் எங்கே?"

நான் பதில் சொல்வதற்குள் அறைக்குள் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அலமாரி உச்சியிலிருந்து பெட்டி இறங்கியது. எமர்ஜென்சி லைட் நாற்பது நிமிடத்தில் போய்விட்டது, மெழுகுவத்திக்கு மாறினோம். இருட்டில் இருபது முகப் பகடையைப் படிக்க மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மூக்கோடு வைத்துப் பார்த்தார். குகைக்குள் ஓடை, மேலே மரப்பாலம். பாலத்தில் காவல். பையன் குரலைத் தாழ்த்திச் சொல்லச் சொல்ல, வெளியே மழைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. ஒன்பது மணி இருக்கும். இதுவரை ஒரு தடவைகூட மேஜைப் பக்கம் வராத என் மனைவி, சுவரில் சாய்ந்திருந்தபடி கேட்டாள்: "அந்தத் திருடன் சும்மாத்தானே நிக்கறான்? அவனை நான் எடுத்துக்கலாமா?"

டாக்டர் விட்டுப்போன காகிதத்தைப் பையன் அவளிடம் நீட்டினான். முதல் பகடையிலேயே பத்தொன்பது போட்டாள்.

அதன் பிறகு ஏப்ரல் வரை பதினொரு ஞாயிறு ஆடினோம். மூன்று பேர் வந்தால் நாலரைக்கு ஆரம்பம், போன் கிடையாது. ஆடிட்டர் பாதியில் வந்தால், மந்திரவாதி 'பின்னால் வந்துகொண்டிருந்தான்' என்று பையன் கதையில் சேர்த்துவிடுவான். அக்கா எட்டரைக்கு போன் செய்தால் என் மனைவி, "இப்ப முடியாது, சண்டை நடக்குது" என்று வைத்துவிடுவாள். அக்கா முதல் தடவை பயந்து போனாள்.

2024 மே மாதம் பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. போகும்போது பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. "அங்க வேற வாங்கிக்கறேன். முதல்ல ஆள் பிடிக்கணும்" என்றான். சென்ட்ரலில் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு. நான் குரூப்பில் எதுவும் போடவில்லை. நடத்துகிறவன் போய்விட்டான், யாரும் வரமாட்டார்கள் என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்கு பெல். மேனேஜர். தனக்கென்று புதிதாக வாங்கிய பகடைகள் சட்டைப் பையில் குலுங்கின. பின்னாலேயே லிஃப்டிலிருந்து அந்தப் பெண்ணும் தோழியும் இறங்கினார்கள். என் மனைவி திருடனின் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தாள். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பையன் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். புத்தகத்தைப் பிரித்தால் ஓரமெல்லாம் அவனுடைய பென்சில் குறிப்புகள்.

"நீங்க ஒரு பழைய கோட்டை வாசல்ல நிக்கறீங்க" என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே சரியாக வரவில்லை. "கதவு லேசாத் திறந்திருக்கு. உள்ள இருட்டு. என்ன பண்றீங்க?"

மேனேஜர் யோசிக்கவே இல்லை.

"உள்ள யாராவது இருக்கீங்களான்னு மன்னார்குடி ஒரு குரல் குடுக்கறான்" என்றபடி பகடையை உருட்டினார்.